மனித இயல்பு: யாரைப் பார்த்து எழுதினார்கள்?

பி.எட். படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் பாடக்குறிப்பில் மூன்று வரி அட்டவணை ஒன்று இருக்கிறது. உளப்பகுப்பாய்வு: மனிதன் இயல்பிலேயே தீயவன். நடத்தைவாதம்: நல்லவனும் அல்லன், தீயவனும் அல்லன். மனிதநேய உளவியல்: இயல்பிலேயே நல்லவன். மூன்றும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியாதே? எது உண்மை? பொய்யான இரண்டை ஏன் இன்னும் படிக்கிறோம்?"

இந்த அட்டவணையை நானும் இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஆகவே குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதன் முதல் வரி தவறு. இரண்டாவது வரி பாதி சரி. மூன்றாவது ஏறக்குறைய சரி. ஆனால் அதைச் சொன்னவர் அதற்காகச் சக உளவியலாளர் ஒருவரிடம் பகிரங்கமாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"நல்லவனா, கெட்டவனா" என்பதே சமயங்களிடமிருந்து உளவியல் இரவல் வாங்கிய கேள்வி. ஒரு கோட்பாட்டின் அடியில் எப்படிப்பட்ட மனிதன் ஒளிந்திருக்கிறான் என்று தெரிந்துகொள்ள நான் வேறொன்றைக் கேட்பேன். இதை எழுதியவர் அன்றாடம் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்? காவல் நிலையத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஊரே திருடர்கள் நிறைந்ததாகத் தோன்றும். மகப்பேறு விடுதியில் இருப்பவருக்கு அப்படித் தோன்றாது. இருவரும் பொய் சொல்லவில்லை.

உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃபிராய்டிலிருந்து தொடங்குவோம். வியன்னாவில் மருத்துவத் தொழில் தொடங்கும் முன் அவர் 1876 முதல் 1882 வரை எர்ன்ஸ்ட் பிரூக்கேயின் உடலியங்கியல் ஆய்வுக்கூடத்தில் மீன்களின் நரம்பணுக்களை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். உயிருள்ள உடலுக்குள் இயற்பியல், வேதியியல் விசைகளைத் தவிர வேறு எதுவும் இல்லை என்பது அந்தக் கூடத்தின் வேதவாக்கு. ஃபிராய்டின் மனிதன் அங்கேதான் கருக்கொண்டான் என்பது என் கருத்து. மூடிய பானைக்குள் நீராவி சேர்கிறது. வெளியேற வழி தேடுகிறது. ஒரு வாயை அடைத்தால் இன்னொரு வாயில் பீறிடுகிறது. இன்பம் என்பது அழுத்தம் குறைவதன் பெயர். இதுதான் அவருடைய அடிப்படை அனுமானம். தீமைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. மனம் ஒரு மூடிய ஆற்றல் மண்டலம், அது நாடுவது அமைதியை என்பதே அவர் விவாதத்துக்கு வைக்காமல் எடுத்துக்கொண்ட செய்தி. வயிறு நிறைந்த குழந்தை ஏன் தூங்காமல் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு மண்ணைக் கிளறுகிறது என்று கேட்டால் இந்தப் பானை திணறும்.

அப்படியானால் "தீயவன்" எங்கிருந்து வந்தது? முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915இல் போரையும் மரணத்தையும் பற்றி அவர் எழுதிய கட்டுரையில், மனித உந்துதல்கள் தம்மளவில் நல்லவையும் அல்ல, தீயவையும் அல்ல என்கிறார். சமூகத்தின் தேவைகளை அளவுகோலாக வைத்து நாம்தான் அவற்றைத் தரம் பிரிக்கிறோம் என்கிறார். உங்கள் அட்டவணையின் இரண்டாவது வரியை ஃபிராய்டே கைப்பட எழுதி வைத்திருக்கிறார்! பிறகு போர் முடிந்தது. 1920இல், உயிருக்குள் அழிவை நோக்கிய விசை ஒன்றும் உண்டு என்னும் "மரண உந்துதல்" கருத்தை முன்வைத்தார். 1930இல் நாகரிகத்தைப் பற்றி எழுதிய நூலில் "மனிதனுக்கு மனிதன் ஓநாய்" என்ற பழைய லத்தீன் தொடரை எடுத்தாண்டார். பாடக்குறிப்பு எழுதியவர் இந்த எழுபத்து நான்கு வயதுக் கிழவரை மட்டும் எடுத்துக்கொண்டு, ஐம்பத்தொன்பது வயதுக்காரரை விட்டுவிட்டார்.

இதற்கிடையில் அவரிடம் வந்தவர்கள் யார்? பெரும்பாலும் வியன்னாவின் வசதியான குடும்பத்தினர். வெளியே மரியாதை கெடாமல் வாழ வேண்டிய கட்டாயம், உள்ளே சொல்ல முடியாத புழுக்கம். உள்முரண் இல்லாதவர் யாரும் அவருடைய கட்டணத்தைச் செலுத்தி அந்தச் சாய்வு இருக்கையில் வந்து படுக்கவில்லை. எனவே உள்முரண் மனிதனின் இலக்கணமாகிவிட்டது.

இனி நடத்தைவாதம், அதாவது மனதை விட்டுவிட்டு வெளியே தெரியும் நடத்தையை ஆராயும் பிரிவு. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனெனில் பள்ளிக்கூடத்துக்குள் மிக ஆழமாகப் புகுந்தது இதுதான்.

நடத்தைவாதத்தைத் தொடங்கி வைத்த ஜான் வாட்சனின் புகழ்பெற்ற அறைகூவல் உங்கள் புத்தகத்தில் கட்டாயம் இருக்கும்: ஆரோக்கியமான பன்னிரண்டு குழந்தைகளைக் கொடுங்கள், நான் சொல்லும் சூழலில் வளர்க்க விடுங்கள், எவனை வேண்டுமானாலும் மருத்துவராகவோ வழக்கறிஞராகவோ, ஏன், பிச்சைக்காரனாகவோ திருடனாகவோ ஆக்கிக் காட்டுகிறேன். இதற்கு அடுத்த வரியைப் பாடநூல்கள் வெட்டிவிடுகின்றன. "கையில் உள்ள சான்றுகளைத் தாண்டிப் பேசுகிறேன், ஒப்புக்கொள்கிறேன்; ஆனால் எதிர்த்தரப்பினர் பல ஆயிரம் ஆண்டுகளாக அதைத்தான் செய்துவருகிறார்கள்" என்பது அதன் சாரம். எதிர்த்தரப்பு என்றால் யார்? அறிவும் ஒழுக்கமும் இரத்தத்தில் வருகின்றன என்றவர்கள். 1924இல் அமெரிக்கா, தெற்கு, கிழக்கு ஐரோப்பியரின் வருகையைச் சுருக்கி, ஆசியரின் வருகையை ஏறக்குறைய அடைத்துச் சட்டம் இயற்றியது. பரம்பரைத் தரம் பற்றிய பேச்சு அன்று ஆராய்ச்சியின் மிடுக்கோடு உலவியது. "பிறக்கும்போது எல்லாரும் வெற்றுப் பலகை" என்பது அந்தச் சூழலில் ஒரு நம்பிக்கை வார்த்தை. எந்தச் சாதியில், எந்த இனத்தில் பிறந்தாய் என்று கேட்காத கோட்பாடு அது. ஆனால் அதே வெற்றுப் பலகைதான், எழுதுகோலைப் பிடித்திருப்பவருக்கு அளவில்லாத அதிகாரத்தையும் கொடுக்கிறது.

அடுத்து வந்த பெரிய நடத்தைவாதி ஸ்கின்னர். அவர் வாட்சனின் நகல் அல்லர். பரம்பரையை அவர் மறுக்கவில்லை. மனதுக்குள் எதுவுமே நடக்கவில்லை என்றும் சொல்லவில்லை. உள்ளே நடப்பது நடத்தைக்குக் காரணம் என்பதைத்தான் மறுத்தார். ஒரு செயலின் விளைவுகளே அச்செயலை வளர்க்கவோ வாட்டவோ செய்கின்றன என்றார். ஆகவே அவருடைய அனுமானம் "மனிதன் நடுநிலையானவன்" என்பதைவிடக் கனமானது: காரணம் எப்போதும் வெளியே இருக்கிறது. இளமையில் நாவலாசிரியராக விரும்பி, கல்லூரி முடித்ததும் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பார்த்து, சொல்வதற்குத் தன்னிடம் எதுவும் இல்லை என்று கண்டுகொண்டு உளவியலுக்கு வந்தவர் அவர். உள்ளே தேடிப் பார்த்து எதுவும் கிடைக்காதவர் உள்ளே தேட வேண்டாத ஒரு உளவியலைக் கட்டினார் என்று நான் வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இது வாதமாகாது, ஆனால் மாணவர்களுக்கு மறக்காது.

அவர் பார்த்துக்கொண்டிருந்தது புறா. எப்படிப்பட்ட புறா? வழக்கமான எடையில் 75 முதல் 80 விழுக்காடு வரை இறங்கும்படி பட்டினி போடப்பட்ட புறா. பெட்டிக்குள் ஒரு பொத்தான், ஒரு தானியத் தட்டு. வேறு எதுவும் இல்லை. தானியத்துக்காக மட்டுமே இயங்கும் உயிரைத் தயாரித்துவிட்டு, உயிர்கள் வெகுமதிக்காக இயங்குகின்றன என்று முடிவுக்கு வருவதில் உள்ள சுற்றுவழியைக் கவனியுங்கள்.

இந்த அனுமானத்தில் முதல் விரிசலைக் கண்டவர்கள் எதிரிகள் அல்லர், அவருடைய சீடர்களே. கெல்லர் பிரிலேண்ட், மரியன் பிரிலேண்ட் தம்பதியர் ஸ்கின்னரின் முறைகளைக் கொண்டு விளம்பரங்களுக்கும் கண்காட்சிகளுக்கும் விலங்குகளைப் பழக்கித் தரும் தொழில் செய்தார்கள். ரக்கூன் என்ற அமெரிக்க விலங்கு ஒன்றுக்கு நாணயத்தை எடுத்து உண்டியலில் போடக் கற்றுக்கொடுத்தார்கள், போட்டால் தீனி. ஒரு நாணயத்தோடு ஓரளவு சமாளித்தது. இரண்டு நாணயங்களைக் கொடுத்ததும் வேலை கெட்டது. அவற்றை ஒன்றோடொன்று தேய்க்கும், உண்டியலுக்குள் நுழைக்கும், திரும்ப வெளியே எடுக்கும், மறுபடி தேய்க்கும். கஞ்சன் காசை எண்ணுவதைப் போல நிமிடக்கணக்கில் இதே வேலை. தீனி கிடைக்கவில்லை என்றாலும் நிறுத்தவில்லை. பன்றிகளோ நாணயத்தை வழியிலேயே கீழே போட்டு மூக்கால் முட்டி உருட்டிக்கொண்டிருந்தன. இரையைத் தேய்ப்பது ரக்கூனின் இயல்பூக்கம், மண்ணைக் கிளறுவது பன்றியின் இயல்பூக்கம்; வலுவூட்டல் (செயலைத் தொடரவைக்கும் வெகுமதி) எவ்வளவு கொடுத்தாலும் பழைய இயல்பு மேலே மிதந்து வந்தது. 1961இல் இதைக் கட்டுரையாக எழுதினார்கள். ஸ்கின்னரின் 1938ஆம் ஆண்டு நூலின் தலைப்பு "உயிரிகளின் நடத்தை". இவர்கள் வைத்த தலைப்பு "உயிரிகளின் தவறான நடத்தை".

மனிதக் குழந்தைகளிடமும் இப்படி ஒரு விரிசல் உண்டு. 1973இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் வண்ணப் பேனாக்களால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குழுவிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. சில நாட்கள் கழித்து, விளையாட்டு நேரத்தில் பேனாக்களை மேசையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்று கவனித்தார்கள். எதுவும் பெறாத குழந்தைகள் தங்கள் நேரத்தில் ஏறக்குறைய 17 விழுக்காட்டை வரைவதில் செலவிட்டார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களும் ஏறக்குறைய அப்படியே. வாக்குறுதி பெற்று வரைந்தவர்கள் 9 விழுக்காடுகூட இல்லை. வெகுமதி நடத்தையை வளர்க்கும் என்ற பொதுவிதி இங்கே பாதி ஆசையைத் தின்றுவிட்டது. கற்பித்தல் பயிற்சிக்குப் போகும்போது கையில் நட்சத்திர ஒட்டிகளை வாங்கிக்கொண்டு போவீர்கள், நானும் போனேன். வாய்ப்பாட்டை வெறுக்கும் பையனுக்குக் கொடுங்கள். கதைப்புத்தகத்தைக் கீழே வைக்காத பெண்ணுக்குக் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது வரியின் சொந்தக்காரர், மனிதநேய உளவியலாளரும் ஆலோசகருமான கார்ல் ரோஜர்ஸ். சிகாகோவுக்கு அருகே பண்ணையில் வளர்ந்தவர். கல்லூரியில் முதலில் சேர்ந்த பாடம் வேளாண்மை. அவர் அடிக்கடி நினைவுகூர்ந்த காட்சி ஒன்று உண்டு. குளிர்காலத்துக்காக நிலவறையில் கொட்டி வைத்த உருளைக்கிழங்குகள். மண் இல்லை, நீர் இல்லை. பல அடி தள்ளிச் சிறு ஜன்னல். அந்த வெளிச்சத்தை நோக்கி வெளிறிப்போன முளைகளை நீட்டிக்கொண்டிருக்கும். ஒருநாளும் செடியாகப் போவதில்லை, ஆனாலும் நீட்டும். மனநல மருத்துவமனைகளின் பின்கட்டில் கிடப்பவர்களைப் பார்க்கும்போது தனக்கு அந்த முளைகளே நினைவுக்கு வரும் என்றார். "மனிதன் நல்லவன்" என்பதைவிட இந்தப் படம்தான் அவருடைய அனுமானத்தைச் சரியாகக் காட்டுகிறது: உயிர் வளர்ச்சியை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, கோணலாக வளர்ந்தால் குற்றம் நிலவறையுடையது. ஃபிராய்டின் பானையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவருக்கு நுண்ணோக்கியும் ஆய்வுக்கூடமும், இன்னொருவருக்குத் தோட்டமும் விதையும்.

ஸ்கின்னரும் ரோஜர்ஸும் நேருக்கு நேர் மோதினார்கள். அந்த விவாதம் 1956இல் "சயன்ஸ்" இதழில் வெளிவந்தது. அட்டவணையை மறந்துவிட்டு அதைப் படியுங்கள் என்று எல்லா மாணவர்களிடமும் சொல்கிறேன். ஸ்கின்னர் சொன்னது: மனித நடத்தை ஏற்கெனவே கட்டுப்படுத்தப்பட்டுத்தான் வருகிறது, பெற்றோர், அரசு, விளம்பரக்காரர் எல்லாரும் அதைச் செய்கிறார்கள், நல்லவர்கள் கையைக் கழுவிக்கொண்டால் மற்றவர்கள் கையில்தான் கடிவாளம் போகும். ரோஜர்ஸ் கேட்டது: எதை நோக்கிக் கட்டுப்படுத்துவது என்பதை யார் முடிவு செய்தார்கள்? அந்த இலக்கை எந்தச் சோதனையும் கண்டுபிடித்துத் தரவில்லையே. அறிவியல் தொடங்குவதற்கு முன் ஒருவர் தன் விருப்பத்தால் தேர்ந்தெடுத்ததுதானே அது? இதுவரை இதற்கு நல்ல பதில் எதையும் நான் கேட்டதில்லை.

ஆனால் ஸ்கின்னர் தரப்புக்கும் பின்னர் ஒரு வெற்றி கிடைத்தது. ரோஜர்ஸின் கொள்கைப்படி ஆலோசகர் எந்தத் திசையிலும் இழுக்கக் கூடாது. நிபந்தனையில்லாமல் ஏற்க வேண்டும், அவ்வளவுதான். சார்லஸ் ட்ரூவாக்ஸ் என்பவர், வெற்றிகரமாக முடிந்த ஒரு சிகிச்சையில் ரோஜர்ஸ் பேசிய ஒலிப்பதிவுகளையே எடுத்து ஆராய்ந்து 1966இல் வெளியிட்டார். வந்தவர் சில வகையாகப் பேசும்போது ரோஜர்ஸின் கனிவும் புரிந்துகொள்ளலும் கூடின. மற்றபடி பேசும்போது குறைந்தன. நாள் செல்லச் செல்ல, கனிவு கிடைத்த வகைப் பேச்சு பெருகியது. ரோஜர்ஸ் தன்னை அறியாமலே வலுவூட்டிக்கொண்டிருந்தார். இதனால் அவருடைய முறை பயனற்றது என்று ஆகிவிடாது; முறைக்கு அவர் தந்த விளக்கம் முழுமையானதல்ல என்றுதான் ஆகிறது.

இனி அந்த வாங்கிக் கட்டிக்கொண்ட கதை. 1982இல், மனிதநேய உளவியலின் மற்றொரு தூணான ரோலோ மே ரோஜர்ஸுக்குத் திறந்த மடல் எழுதினார். தீமை பண்பாட்டிலிருந்து வருகிறது, மனிதனின் உள்ளிருந்து வரவில்லை என்பது ரோஜர்ஸின் நிலை. மே கேட்டது எளிய கேள்வி: அந்தப் பண்பாட்டை யார் செய்தார்கள்? வானத்திலிருந்தா விழுந்தது? நாம் நன்மையும் தீமையும் கலந்தவர்களாக இருப்பதால்தானே நாம் கட்டியதும் அப்படி இருக்கிறது? எனக்கு மே பக்கம்தான் வலுவாகத் தெரிகிறது.

ரோஜர்ஸ் வெகுளி என்று இதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். ராச்செஸ்டரில் 12 ஆண்டுகள் சிக்கலான சிறுவர்களோடு பணியாற்றியவர் அவர். ஆனால் அவருடைய கோட்பாடு உருக்கொண்டது ஒகாயோவிலும் சிகாகோவிலும், பல்கலைக்கழகத்தில், உதவி வேண்டும் என்று தானாகவே கதவைத் தட்டி வந்தவர்கள் நடுவில். பின்னர் விஸ்கான்சினில், தாமாக வராத, மருத்துவமனையில் கிடந்த மனச்சிதைவு நோயாளிகளிடம் அதே முறையை முயன்றபோது, சிகிச்சை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே அவர் நம்பிய அளவு வேறுபாடு தென்படவில்லை.

இன்னொரு மனிதநேய உளவியலாளரான மாஸ்லோவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1943ஆம் ஆண்டுக் கட்டுரையில், மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிக் காட்டும் அந்தப் பிரமிடு கிடையாது. பின்னால் வந்தவர்கள் வரைந்தது. மனித வளர்ச்சியின் உச்சியை விவரிக்க அவர் எடுத்துக்கொண்ட மாதிரிகள் லிங்கன், ஜெஃபர்சன், ஐன்ஸ்டீன், எலினோர் ரூஸ்வெல்ட் போன்றவர்கள். தனக்குப் பிடித்த பெரியவர்களின் பட்டியலை எழுதிவிட்டு, அவர்களுக்குப் பொதுவான குணங்களை மனித இயல்பின் சிகரம் என்பது சுவையான கட்டுரையாகலாம், ஆய்வாகாது.

உங்கள் அட்டவணையில் அறிவாற்றல் உளவியலுக்கு இடமே இல்லை. அங்கே மனிதன் கணினியைப் போன்றவன்: தகவலை வாங்குகிறான், அலசுகிறான், விடை தருகிறான், சில சமயம் தவறாக. ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன், அனுமானமும் சான்றால் உடையும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு. உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்ற ஆரன் பெக், மனச்சோர்வு என்பது உள்நோக்கித் திரும்பிய கோபம் என்ற கொள்கையை மெய்ப்பிக்கவே நோயாளிகளின் கனவுகளைத் திரட்டினார். கனவுகளில் கோபத்தைத் தேடினார். கிடைத்தது இழப்பும் தோல்வியும். அவர் கனவுகளை நம்பி ஆசான் ஃபிராய்டைக் கைவிட்டார். எல்லாரும் அப்படிச் செய்வதில்லை.

இப்போது "எது உண்மை" என்ற கேள்விக்கு வருகிறேன். நம் வீட்டுப் பெரியவர்களையே பாருங்கள். "விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பார்கள். அது பரம்பரைக் கட்சி. "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்பார்கள். அது ஃபிராய்டுக்குப் பக்கத்து வீடு. "அடியாத மாடு படியாது" என்று மூன்றாவதையும் அதே மூச்சில் சொல்வார்கள். ஒன்று மற்றதை மறுக்கிறதே என்று யாரும் தயங்குவதில்லை, ஏனென்றால் ஒவ்வொன்றும் ஒரு தருணத்துக்கு உரியது. கோட்பாடுகள் செய்த தவறு, தத்தம் தருணத்தை மனிதகுலம் முழுவதற்கும் நீட்டியது. பட்டினிப் புறாவைப் பற்றி ஸ்கின்னர் சொன்னது இன்றும் சரி. பழக்கங்களை உருவாக்குவதில் அதற்கு நிகரான கருவி இல்லை. பானையும் நீராவியும் காலாவதியாகிவிட்டன, ஆனால் நம் செயலுக்கு நாமே சொல்லும் காரணம் பெரும்பாலும் உண்மைக் காரணமாக இருப்பதில்லை என்ற ஃபிராய்டின் சந்தேகம் வாழ்கிறது.

இந்த எல்லாக் கோட்பாடுகளுக்கும் அடியில் இன்னும் ஆழமான ஒரு அனுமானம் உண்டு: ஆராய வேண்டிய அலகு தனிமனிதன். உளவியலாளர் ஜோன் மில்லர் 1984இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தொட்டது. சிகாகோவிலும் மைசூரிலும் உள்ளவர்களிடம், தமக்குத் தெரிந்தவர்கள் செய்த நல்ல செயல்களையும் தவறான செயல்களையும் அவர்களையே சொல்லவைத்து, ஏன் செய்தார்கள் என்று விளக்கச் சொன்னார். மைசூரில் ஒருவர் சொன்ன நிகழ்ச்சி: ஒரு வழக்கறிஞர் மோட்டார் சைக்கிளில் போகிறார், சக்கரம் வெடிக்கிறது, பின்னால் இருந்தவர் விழுந்து தலையில் அடிபடுகிறார். அவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு வழக்கறிஞர் நீதிமன்றத்துக்குப் போய்விடுகிறார். அடிபட்டவர் இறந்துபோகிறார். இத்தகைய செயல்களுக்குச் சிகாகோவின் பெரியவர்கள் ஆளின் குணத்தில் காரணம் தேடினார்கள்: பொறுப்பற்றவர். மைசூரின் பெரியவர்கள் சூழ்நிலையையும் கடமையையும் சொன்னார்கள்: நீதிமன்றத்தில் கட்சிக்காரர் காத்திருப்பார், காயம் அவ்வளவு கடுமையாகத் தெரிந்திருக்காது. என்னைக் கவர்ந்தது வேறொன்று. எட்டு வயதுக் குழந்தைகளிடம் இரண்டு ஊருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வயது ஏற ஏறத்தான் பிரிந்தார்கள். அதாவது மனித இயல்பு பற்றிய கோட்பாட்டை நாம் பல்கலைக்கழகத்துக்கு வருவதற்கு வெகுமுன்பே கற்று முடித்துவிடுகிறோம்.

தேர்வில் அந்த அட்டவணையைக் கேட்டால் அட்டவணையையே எழுதுங்கள். திருத்துபவர் ஃபிராய்டின் 1915ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பயிற்சி வகுப்புக்குப் போகும் முதல் நாள் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். கடைசி வரிசையில் ஒரு பையன் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்திருப்பான். உங்கள் வாயிலிருந்து முதலில் வருவது "ஏண்டா சோம்பேறி?" என்பதா, "நேற்று மாலை வீட்டில் யார் இருந்தார்கள்?" என்பதா என்று பாருங்கள். எது வந்தாலும் அன்று இரவு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டு, மறுபடியும் எனக்கு எழுதுங்கள்.